ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு

ப்வாய்சேயில் மழை பிடித்தால்
கொட்டகைக்குள் முதலில் நுழைவது தண்ணீர்,
டிக்கெட் வாங்காமல்.
பெஞ்சுகளைச் செங்கல் மேல் ஏற்றுவேன்.
ஜெனரேட்டருக்குத் தார்ப்பாய். எனக்கு ஒன்றுமில்லை.

அதற்கப்புறம் லுபோவா வருவான்,
மைக்கை ஊதிப் பார்ப்பான்.
வெள்ளைக்காரர்கள் பேசுவதை
லுகாண்டாவில் பேசுவது அவன் தொழில்.
பேசாததையும் பேசுவான்.
வங்கி மேலாளர் மூன்று நிமிஷம் விளக்கினால்
லுபோவா சொல்வான்: "தர மாட்டானாம்."
கொட்டகை சிரிக்கும்.
அந்த மேலாளரை எல்லோருக்கும் தெரியும்.

வாரம் இருமுறை ஓடும் அந்தப் படம்.
ஒற்றைக் கோட்டுக்காரன் ஒருவன்
லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி தொடங்கி
எண்பதாவது மாடியில் நாற்காலி போட்டு உட்காருகிற கதை.
எங்கள் தெருவில் லிஃப்டில் ஏறியவர் இரண்டே பேர்.
ஒருவர் முலாகோ ஆஸ்பத்திரியில்
பிணமாக இறங்கியவர்.
ஆனாலும் படம் விட்டதும்
பைக் டாக்ஸிப் பையன்கள்
பெட்ரோல் இல்லாத வண்டியை
முதலாளி மாதிரி தள்ளிக்கொண்டு போவார்கள்.

நபுகாலு உள்ளே வந்ததே இல்லை.
வாசலுக்கு எதிரே அவள் அடுப்பு.
கை சப்பாத்திக்குள் முட்டையைச் சுருட்டும்,
ஒரு கண் பலகை இடுக்கில் இருக்கும்.
இடுக்கில் தெரிவது அரைத் திரைதான்:
கதாநாயகனின் இடது தோள்,
வங்கியின் பாதிக் கதவு.

கடனில் மூழ்கிய கோட்டுக்காரன்
பூங்கா பெஞ்சில் குப்புறப் படுப்பான்.
திரை கறுக்கும்.
வெள்ளை எழுத்து வரும்:
ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு.
அடுத்த காட்சியில்
யாரோ அவனுக்குக் கார் கதவைத் திறந்துவிடுவார்கள்.

அந்தக் கறுப்பில்தான் ஒரு நாள்
இடுக்கு வழியாகக் குரல் வந்தது:
"லுபோவா!
அந்த அஞ்சு வருஷம்
அவனுக்கு மாவு கடன் கொடுத்தது யாரு?"

வாய் ஓயாதவன்
அன்று காரை ஓசையில்லாமல் ஓடவிட்டான்.

மறுநாள் அவளிடம் இரண்டு சப்பாத்தி வாங்கி
மெதுவாகத் தின்றான்.
அவள் சொல்லிக்கொண்டே பிசைந்தாள்:
சீட்டுப் பணத்தோடு ஓடிப்போன பொருளாளர்,
வெள்ளத்தில் கூழான ஒன்றரை மூட்டை மாவு,
அடுப்பை இருமுறை தூக்கிப்போன நகராட்சி லாரி,
இரண்டாம் முறை
தன் அடுப்பையே தான் ஏலத்தில் எடுத்தது.

வெள்ளிக்கிழமை
"கறுக்கும்போது நிறுத்து" என்றான் என்னிடம்.
நிறுத்தினேன்.
இருட்டில் நாற்பது நிமிஷம் பேசினான்.
கோட்டுக்காரன் பெஞ்சிலிருந்து எழுந்தான்,
கையை மடித்துவிட்டு மாவு பிசைந்தான்,
லாரிக்குப் பின்னால் ஓடினான்.
ஒருவன் விசிலடித்தான், காசைத் திருப்பிக் கேட்டான்.
முட்டை விலை ஏறிய இடத்தில்
பின்வரிசையில் யாரோ "ஐயோ" என்றார்கள்.
பிறகு விசில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பலகையில்
ஐந்நூறு ஷில்லிங் எழுநூறாகியிருந்தது.
நபுகாலுவுக்கு எழுத்துதான் தடுமாறும், எண் தடுமாறாது.
வாணலியை இறக்கிவைத்துவிட்டு
முதன்முறையாக உள்ளே வந்தாள்.
ப்ரொஜெக்டர் வெளிச்சத்தில் நின்றாள்.
எண்பதாவது மாடி முழுவதும் அவள் நிழல்.

"ஏத்தின இருநூறுல
நூறு என்னோடது."

திரையில் இரண்டு வக்கீல்கள்
மொழிபெயர்க்க ஆளில்லாமல் வாயசைத்தார்கள்.
"அறுபது" என்றான் லுபோவா,
பழக்கத்தில் மைக்கிலேயே.
"நூறு!" என்றது கொட்டகை.
அவன் எழுபத்தைந்துக்கு வந்தபோது
வெளியே எதுவோ கருகும் வாசனை.
"தலைக்கு" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

எனக்கு அதே பழைய கூலி.
இப்போதும் கறுக்கும்போது
பொத்தானில் விரல் வைத்துக் காத்திருக்கிறேன்.
நாற்பது நிமிஷம்.
அதற்கு எவ்வளவு பெட்ரோல் என்று
இதுவரை யாரும் கேட்கவில்லை.
நான் கணக்கு வைத்திருக்கிறேன்.